தொப்பூர் இறக்கம்

இயேசு மரி சூசை துணை

சுங்குவார்சத்திரம்
6-2-1983

அன்புள்ள தம்பி தாமஸுக்கு அக்கா சகாயமேரி எழுதுவது.

ஆண்டவர் தயவில் நான், அவர், பாப்பா எல்லோரும் நன்றாக இருக்கிறோம். வல்லத்தில் அப்பாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. போன ஞாயிறு பூசைக்கு நடந்தே வந்தார். சூசையம்மாளுக்கு வயிற்று வலி விட்டதா? சத்தியமங்கலத்தில் நல்ல டாக்டர் இல்லையென்றால் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போ. உன் பஸ் கம்பெனி டைம் கீப்பர் உத்தியோகம் ஒரு நாள் நீ இல்லாவிட்டாலும் நடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமாவுக்கு மே மாதப் பைத்தியம் மாசி மாதத்துக்கு முன்பே பிடித்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தால் சோறுகூட அப்புறம்தான். முதலில் புல்லட்டைத் துடைக்கிறார். பங்குச் சாமியார் மாற்றலாகிப் போனபோது அப்பா அவரிடம் வாங்கி எனக்குச் சீராகக் கொடுத்த புல்லட். நினைவிருக்கிறதா? வருஷா வருஷம் அதில்தான் உன்னிடம் வருகிறார். நீ யாரிடமோ ஒரு வண்டி இரவல் வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வருவாயாம். திம்பம், கல்லட்டி, போடிமெட்டு, குமுளி என்று அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் இங்கே ஹைவே டீக்கடையில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் கேட்கிறார்கள். ஊரில் அவர் பெயரே 'மலை யாகப்பன்'.

என்னை ஒரு தடவை கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்டேன். "மலைல டபுள்ஸ் போவக் கூடாது மேரி. வண்டி இழுக்காது. பின்னாடி ஆள் இருந்தா பேலன்ஸ் பூடும்" என்றார். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே பதில்தான்.

நீ மலையடிவாரத்தில் இருக்கிறவன். நீ சொல். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மலை ஏறவே முடியாதா? பிறந்ததிலிருந்து ஏரிக்கரையைவிட உயரமான இடத்தில் நான் நின்றதில்லை. பரங்கிமலைப் படிக்கட்டு கணக்கில் வராது. ஒரே ஒரு கணவாய். ஏறி, மேலே நின்று, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் போதும். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை.

பதில் போடு.

உன் அன்பு அக்கா
சகாயமேரி


சத்தியமங்கலம்
27-2-1983

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி தாமஸ் வணக்கத்துடன் எழுதியது.

உங்கள் எல்லோருடைய சுகமும் தெரிந்து சந்தோஷம். நாங்களும் நலம். சூசையம்மாளுக்கு மருந்தில் குணம் தெரிகிறது. தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். தபசு காலம் தொடங்கிவிட்டது, கம்பெனியிலும் வேலை அதிகம்.

இந்த வருஷம் மழை இல்லாததால் திம்பம் மலை மஞ்சளாகக் கிடக்கிறது. ஆனாலும் அழகு போகவில்லை. விடிந்ததும் பண்ணாரியைத் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கீழே இருக்கும் சமவெளி இன்னும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வரும். நாம் ஏறுகிறோமா, பூமி இறங்குகிறதா என்று சந்தேகமாக இருக்கும். உச்சியில் திடீரென்று காற்று குளிர்ந்துவிடும். அந்தப் பக்கம் மைசூர் போகிற ரோடு, புல்வெளி, ஒதுங்கி நிற்கும் மான்கள். நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

வண்டி விஷயமாகக் கேட்டிருந்தீர்கள். மாமா அப்படிச் சொன்னால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும். அப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

தங்கள் பிரியமுள்ள
தாமஸ்


சுங்குவார்சத்திரம்
5-4-1983

தம்பி தாமஸுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. இங்கு சுகம், அங்கும் சுகம்தானே. முறைக்குக் கேட்டாகிவிட்டது.

உன் மனைவி பெரிய திருநாளுக்கு எழுதிய கடிதம் வந்தது. அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதில் ஒரு வரி: "போன மே மாதம் அண்ணனும் இவரும் ஒரே வண்டியில் திம்பம் ஏறிப் போனபோது நான் கட்டிக் கொடுத்த புளிசாதத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்."

ஒரே வண்டியில்! நான் அந்த வரியை அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அப்படியானால் டபுள்ஸ் போகும். மலை இழுக்கும். பேலன்ஸ் போகாது. மச்சான் உட்கார்ந்தால் ஏறுகிற வண்டி பெண்டாட்டி உட்கார்ந்தால் மட்டும் ஏறாதா? நான் என்ன நெல் மூட்டையா? அதுவும் என் அப்பா கொடுத்த வண்டி! இத்தனை வருஷமாக ஒரு மனுஷன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான். நீயும் உன் கடிதத்தில் மூங்கிலையும் மானையும் எழுதி, நான் கேட்ட கேள்வியைத் தாண்டிக் குதித்திருக்கிறாய். நாசூக்காகத் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாயா?

இந்த மே மாதம் நான் வருகிறேன். புல்லட்டில்தான் வருகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லுகிற இடத்தில் சொல்லுகிறேன்.

சகாயமேரி


சத்தியமங்கலம்
11-4-1983

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நீங்கள் கோபத்தில் இருப்பது தெரிகிறது; உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொல்வதைக் கேளுங்கள். மே மாதம் நீங்கள் பாப்பாவோடு ரயிலில் ஈரோடு வந்துவிடுங்கள். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு, ஜன்னலோரம். திம்பம் முழுக்க உங்களுக்கு நானே காட்டுகிறேன். புல்லட்டில் வேண்டாம். ரோடு சரியில்லை. வெயிலும் அதிகம்.

சூசையம்மாள் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

தாமஸ்


சுங்குவார்சத்திரம்
16-4-1983

தம்பிக்கு,

சுகம். அப்பாவும் சுகம். பஸ் சீட்டை நீயே வைத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் டீக்கடைக்கே போனேன். பெண்பிள்ளைகள் நிற்கிற இடம் இல்லைதான். உன் மாமா பெஞ்சில் உட்கார்ந்து கல்லட்டி இறக்கத்தில் அவர் வண்டியை எப்படி மடக்கினார் என்று கையை வளைத்து வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே லாரி டிரைவர் சுப்பிரமணி, கம்பெனி ஆட்கள், நம் பக்கத்து வீட்டு இந்திராணியின் புருஷன் எல்லோரும் இருந்தார்கள்.

"இந்த மே மாசம் நானும் வரேன். டபுள்ஸ் போவும்னு தெரிஞ்சிபோச்சி" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கோபத்தில்தான் என்று நினைத்தேன். "வூட்டாண்ட வந்து பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே சொல்லு" என்றேன்.

சுப்பிரமணிதான் சிரித்துக்கொண்டே, "இன்னா யாகப்பா, மலைய கரைச்சி குடிச்சவன் நீ. தங்கச்சிய ஒருவாட்டி இட்டுக்கினு போயேன்" என்றார். அத்தனை பேரும் பார்க்கிறார்கள். "சரி, கூட்டிக்கினு போறேன். அதுக்கு இன்னாத்துக்கு ஊரக் கூட்டுற?" என்றார். அவ்வளவுதான். சாட்சி உண்டு. மேதினம் முடிந்து மறுநாள் கிளம்புகிறோம். பாப்பா வல்லத்தில் அப்பாவிடம் இருப்பாள்.

இன்னொன்று. சுப்பிரமணி அப்போது ஒரு கேள்வி கேட்டார். இங்கிருந்து உன் ஊருக்கு வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் வழியாக சேலம் போவதுதான் நேர் ரோடாம். லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்களாம். உன் மாமா மட்டும் ஏன் வருஷா வருஷம் உளுந்தூர்பேட்டை பக்கம் சுற்றிக்கொண்டு போகிறார்? அந்த ரோட்டில் ஒரு மேடுகூடக் கிடையாதாமே. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். நான் தொப்பூர் வழிதான் என்று சொல்லிவிட்டேன். போகிற வழியிலேயே ஒரு கணவாய் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே எழுது. வந்த பிறகு அங்கே எந்தச் சாக்கும் கேட்க மாட்டேன்.

அக்கா
சகாயமேரி


கம்பெனி விலாசத்திலிருந்து
18-4-1983

மச்சான் தாமஸுக்கு யாகப்பன் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பதிலை வீட்டுக்குப் போடாதே, இந்த விலாசத்துக்குப் போடு.

உன் அக்கா நாலு பேர் எதிரில் என் மூக்கை அறுத்துவிட்டாள். உன் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதும்போது புத்தி வேண்டாமா? ஒரே வண்டியில் போனோம் என்று எழுதியிருக்கிறாள். நல்லவேளை, யார் ஓட்டினார்கள் என்று எழுதவில்லை.

மச்சான், நீ எப்படியாவது இதை நிறுத்த வேண்டும். ரோடு சரிந்துவிட்டது என்று எழுது. யானை ஆளை அடித்துவிட்டது என்று எழுது. உன் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று எழுது. நீ எழுதினால் நம்புவாள். நான் சொன்னால் இனி நம்ப மாட்டாள்.

முதல் வருஷத்துக்குப் பிறகு நான் மலையில் ஹேண்டிலைத் தொட்டதில்லை என்பது உனக்கும் எனக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாய், மறக்காதே. உபதேசியாரான உன் அப்பா கொடுத்த சீர் வண்டியை ஓட்டத் தெரியாதவன் என்று உன் அக்கா வாயால் கேட்க வேண்டி வந்தால் நான் அதற்குப் பிறகு இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பின்னால் உட்கார்ந்தால் எனக்கு ஒரு பயமும் இல்லை, உனக்கே தெரியும். மலையை என்னைப் போல ரசிக்கிறவன் யார்? ஹேண்டிலைப் பிடித்தால்தான், ஓரம் தெரிந்தால்தான், கால் ரெண்டும் செத்துப்போகிறது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒருவேளை நிறுத்த முடியாவிட்டால் ஓட்டிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷம் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனே.

யாகப்பன்


சத்தியமங்கலம்
22-4-1983

மாமாவுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

ரோடு சரிந்தது என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. ஏற்கனவே எழுதிய பொய்க்கே அக்கா என்னைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். முதல் வருஷம் பண்ணாரி தாண்டி முதல் வளைவிலேயே வண்டியைச் சாய்த்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து நீங்கள் அழுதீர்கள். பாவமாக இருந்தது. அதனால்தான் மாதா கெபியில் சிலை முன்னால் நீங்கள் கேட்ட சத்தியத்தைச் செய்தேன். ஊரில் போய் மலை யாகப்பன் என்று பட்டம் வாங்குவீர்கள் என்று நினைத்தா செய்தேன்? உச்சியில் நிறுத்திய வண்டிமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டது போதாதா? டீக்கடையில் உங்களை யார் வளைவு வளைவாக ஓட்டச் சொன்னது?

பார்த்தால் ஓட்ட வந்துவிடுமா? பூசையைப் பார்த்தவன் எல்லாம் சாமியார் ஆகிவிடுவானா?

அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள். ஒரு நாள் திட்டுவார்கள். ஒரு வாரம் திட்டுவார்கள். அவ்வளவுதான். சொல்லத் தைரியம் இல்லையென்றால் உளுந்தூர்பேட்டை வழியாகவே கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் பண்ணாரியில் காத்திருந்து அக்காவைப் பின்னால் உட்கார வைத்து ஏற்றிக் காட்டுகிறேன். தொப்பூர் மட்டும் வேண்டாம். அந்தப் பக்கமிருந்து வந்தால் அது முழுக்க இறக்கம். ஊரில் ஏரிக்கரை இறங்கும்போது செய்வது போலக் குதிகாலால் நியூட்ரலில் தட்டி, இன்ஜினை அணைத்து, பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வேலை அங்கே ஆளைக் கொன்றுவிடும். மலையில் கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறி ஒன்றுமில்லாமல் போய்விடும்.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். சத்தியமாவது ஒன்றாவது.

தாமஸ்


சத்தியமங்கலம்
26-4-1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் வருவது பற்றி எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். திம்பத்தில் காற்று குளிரும். ஒரு கம்பளி கொண்டு வாருங்கள். மெதுவாகப் பத்திரமாக வாருங்கள். மற்றவை நேரில்.

தங்கள் அன்புத் தம்பி
தாமஸ்


சத்தியமங்கலம்
20-5-1983

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் சுகம். இரண்டு நாள் லீவு போட்டுப் பண்ணாரியில் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. என்னவோ ஏதோ என்று தவித்துப் போனேன். அப்புறம்தான் மாமாவின் கார்டு வந்தது, உங்களுக்குக் காய்ச்சல் என்றும் அதனால் பயணத்தை நிறுத்திவிட்டதாகவும். இப்போது எப்படி இருக்கிறது? ரசம், கஞ்சி என்று லேசாகச் சாப்பிடுங்கள்.

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இந்த வெயிலில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்றுதான் எனக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வரி எழுதுங்கள்.

தாமஸ்


சுங்குவார்சத்திரம்
3-7-1983

தாமஸுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். நான்கு நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி முடிக்கிறேன். பொறுமையாகப் படி. படிக்க வேண்டியவன் நீ.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அவர் உனக்குக் கார்டு எழுதும்போது பக்கத்தில்தான் படுத்திருந்தேன். எழுதட்டும் என்று விட்டேன். நீங்கள் இரண்டு பேரும் எப்படித்தான் கூசாமல் எழுதுகிறீர்கள் என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

மே இரண்டாம் தேதி விடியற்காலை கிளம்பினோம். வேலூர், கிருஷ்ணகிரி எல்லாம் நன்றாகத்தான் ஓட்டினார். தருமபுரியில் சாப்பிட்டோம். அவர் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கணவாய் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். "மேரி, எறங்கி நடக்கிறியா? நான் கீழ போயி நிக்கிறேன்" என்றார். இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன், நடப்பேனா? முடியாது என்றேன். அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

முதல் வளைவு திரும்பியதும் பள்ளத்தாக்கு முழுசாகத் திறந்தது. தாமஸ், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீலமாகப் போய்க்கொண்டே இருந்தன. கீழே லாரிகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன. நான் அவர் தோளைத் தட்டி "பாருய்யா, பாரு" என்று கத்தினேன். அவர் பார்க்கவில்லை. அவர் கால் குதிகாலால் தட்டியது. இன்ஜின் சத்தம் நின்றது. காற்றுச் சத்தம் மட்டும்தான். ஏரிக்கரை இறங்குகிற பழக்கம். பயத்தில் கால் தானாகப் போய்விட்டதாம், பிறகு சொன்னார்.

வண்டி ஓட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தார், பிடித்தது. மறுபடி மிதித்தார், பிடித்தது. அப்புறம் கருகிய நாற்றம் வந்தது. அப்புறம் மிதித்தால் ஒன்றும் இல்லை. முன்னால் லாரி, பக்கத்தில் பள்ளம். அப்போது அவர் கத்தினார். மாதாவையா கூப்பிட்டார்? இல்லை. "தாமஸ்தான் ஓட்டுவான்! எப்பவும் தாமஸ்தான் ஓட்டுவான்! எனக்குத் தெரியாது மேரி!"

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மலைப் பக்கம் குவித்து வைத்திருந்த ஜல்லியில் வண்டியை விட்டார். அது ஒன்றுதான் அவர் செய்த நல்ல காரியம். அவருக்கு முழங்கால் கிழிந்தது. எனக்கு வலது மணிக்கட்டு நொறுங்கியது. ஒரு லாரிக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ச் சேலத்தில் சேர்த்தார். எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. உன் அக்கா இந்த ஊருக்கே ஜாக்கெட் தைத்தவள். இப்போது கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. பாப்பாவுக்குத் தலை பின்ன இந்திராணி வருகிறாள்.

சேலத்தில் படுத்திருந்தபோது எல்லாவற்றையும் சொல்லி அழுதார். நீ முதல் வளைவில் கண்டது, கெபி முன்னால் செய்த சத்தியம், அவர் உனக்கு எழுதியது, நீ அவருக்கு எழுதியது எல்லாம். உன் கடிதம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. தாமஸுக்குத் தந்தி கொடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் அது வேறு கோபம். பயந்தவன் பயத்தை மறைத்தான். கேவலம்தான், ஆனால் புரிகிறது. உன்னைத்தான் புரியவில்லை. நீ பயப்படவில்லை. உனக்கு எல்லாம் தெரியும். இப்படிப் போனால் ஆள் செத்துவிடும் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய், ஆனால் அவருக்கு எழுதியிருக்கிறாய்! பின்னால் உட்காரப் போகிறவள் நான். தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தால் எழுது என்று கேட்டவள் நான். நாலு நாள் கழித்து எனக்கு நீ என்ன எழுதினாய்? கம்பளி கொண்டு வரச் சொன்னாய்.

கம்பளி! என் உயிரைவிட அவர் மீசை உனக்குப் பெரிதாகப் போய்விட்டதா? உன்னைத் தூக்கி வளர்த்த கை இது என்றெல்லாம் எழுதி உன்னை அழ வைக்க மாட்டேன். நீ அழுதால் எனக்கு என்ன ஆகப் போகிறது?

சகாயமேரி


சத்தியமங்கலம்
12-7-1983

என் அன்புள்ள அக்காவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சூசையம்மாள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் மாதாவின் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன் அக்கா. மாமா எப்படியும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை கிழித்துப் போட்டேன். குடும்பத்தில் சண்டை வந்துவிடும், மாமாவுக்கு ஊரில் தலைகுனிவு ஆகிவிடும், அக்கா வாழ்க்கைதானே கெட்டுப்போகும் என்று தோன்றியது. உங்கள் நல்லதற்காகத்தான் சும்மா இருந்தேன். இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

கோயம்புத்தூரில் எலும்பு வைத்தியத்துக்கு நல்ல டாக்டர் இருக்கிறார். வந்தால் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். நான் அங்கே வரட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள், உடனே புறப்பட்டு வருகிறேன்.

தங்கள் தம்பி
தாமஸ்


சுங்குவார்சத்திரம்
9-10-1983

தாமஸுக்கு,

உன் கடிதத்துக்கும் அதற்குப் பிறகு நீ போட்ட கார்டுகளுக்கும் சேர்த்து இது ஒரே பதில். நாங்கள் நலம். அப்பா நலம். கை அப்படியேதான் இருக்கிறது. இடது கை எழுத்து மட்டும் தேறியிருக்கிறது, பார்த்தாலே தெரியும்.

போன கடிதத்தை எழுதி முடித்ததும் நான் பாப்பாவோடு வல்லத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். டீக்கடையில் அந்த ஆட்கள் முன்னால், அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து உண்மையைச் சொன்னால்தான் வீடு திரும்புவேன் என்று சொல்லியிருந்தேன். ஜூலை கடைசியில் சொன்னார். நான் போகவில்லை, சுப்பிரமணி வந்து சொன்னார். "எனக்கு மலைல வண்டி ஓட்ட வராது. ஓட்னதே இல்ல. பின்னாடி குந்திகினுதான் போனேன்" என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாராம்.

சிரித்தார்கள். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பார்த்து வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டினார்களாம். சூப்பர்வைசர்கூடச் சிரித்தாராம். ஒரு பதினைந்து நாள். அதற்குள் அதே டீக்கடைக்கு வருகிற தேவநாதன் மாமியார் வீட்டில் கிணற்றில் விழுந்துவிட்டான் என்று கதை வந்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கப் போய்விட்டார்கள். இப்போது உன் மாமாவைப் பார்த்தால், "இன்னா யாகப்பா, டீ சாப்டறியா?" என்றுதான் கேட்கிறார்கள். அவ்வளவுதான் தாமஸ், அந்த மானம். அந்தப் பதினைந்து நாள் சிரிப்பைத் தவிர்க்கத்தான் என் கை போனது. என் நல்லதற்காகச் சும்மா இருந்தேன் என்று இன்னொரு தடவை எழுதாதே. அதைப் படிக்கும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது.

நான் வீடு திரும்பினேன். மனசு முழுதாகத் திரும்பவில்லை, பாதி வந்திருக்கிறது. புல்லட்டை அப்பாவிடம் விடச் சொல்லிவிட்டேன். உன் மாமா தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

இனி சொல்லப் போவதைக் கேள். போன மாதக் கடைசியில் நானும் அவரும் திம்பம் ஏறினோம். பஸ்ஸிலும் இல்லை, வண்டியிலும் இல்லை, நடந்து. பண்ணாரியில் விறகுக்குப் போகிற பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். ஆனை நடமாட்டம் இருக்கிறது, தனியாக வராதீர்கள் என்று எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் மலைப் பக்கமாகப் பாறையைத் தொட்டுத் தொட்டு நடந்தார். நான் பள்ளத்துப் பக்கம் நடந்தேன். வளைவுக்கு வளைவு நின்று பார்த்தேன். மழை பெய்து எல்லாம் பச்சையாக இருந்தது. உச்சியில் நீ எழுதியது போலவே காற்று குளிர்ந்தது. அந்தப் பக்கத்துப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, "நல்லா கீதா மேரி?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். இறங்கி நடந்தே வந்தோம்.

அதற்கு முந்தின நாள் சத்தியமங்கலத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். விடிந்ததும் உன் வீட்டுத் தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சூசையம்மாள் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நீ உன் மேஜையில் உட்கார்ந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். தலை நரைத்திருக்கிறது. பண்ணாரி பஸ் கிளம்புகிற வரைக்கும் உன் எதிரிலேயே, தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவர் "போயி ஒரு வார்த்த பேசிட்டு வா, பாவம்" என்றார். நான் போகவில்லை. நீ தலை நிமிரவில்லை.

அக்கா உன் ஊருக்கு வந்து, தங்கி, உன் மலை ஏறி இறங்கிப் போனது உனக்கு இந்த வரியைப் படிக்கும்போதுதான் தெரிகிறது, இல்லையா? நெஞ்சு என்னவோ செய்கிறதா? செய்யட்டும். கூடப் பிறந்தவர்கள் தெரிந்தே சொல்லாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று நீயும் கொஞ்ச நாள் வைத்திருந்து பார்.

சூசையம்மாளிடம் மட்டும் என் அன்பைச் சொல்.

சகாயமேரி